கல்லால் தேய்த்தால் கன்னம் ஏறுமா?

கேள்வி: எனக்கு 47 வயது, ஊர் தக்கலைப் பக்கம். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். கன்னம் தொங்குகிறதே என்று யூடியூபில் பார்த்து, மூன்று வாரமாக ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி ஒரு கல்லால் கழுத்து, தாடை, கன்னம் என்று நல்லா அழுத்தித் தேய்க்கிறேன். இப்போது மூக்கோரம் நூல் நூலாகச் சிவப்புக் கோடுகள், தாடையில் நீலமாக ஒரு தடம். முந்தாநாள் கழுத்தைத் தேய்க்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். தொடரலாமா?

பதில்: வேண்டாம் அக்கா, இன்று ராத்திரியிலிருந்தே நிறுத்திவிடுங்கள். நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் அந்தக் கண் இருட்டல்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் விரல் வைத்தால் துடிக்கிறதே, அது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி. ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அங்கே இருக்கின்றன; வெளியிலிருந்து அழுத்தினால், அழுத்தம் கூடிவிட்டது என்று ஏமாந்து இதயத்துடிப்பைக் குறைத்துவிடும், அப்போது தலை சுற்றும், சிலர் மயங்கியே விழுவார்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு அந்தத் தமனியிலும் கொழுப்பு படிந்திருக்கக்கூடும், அதில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் கல்யாண வேலையைக் காரணம் சொல்லித் தள்ளிப்போடாமல், இதயத்துக்கு மருந்து தரும் டாக்டரை இந்த வாரமே பாருங்கள். அதற்குள் வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108.

நீலத் தடம், தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம். ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்குச் சின்ன அழுத்தத்திலேயே இப்படி வரும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மங்கிவிடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! சிவப்புக் கோடுகள் விரிந்துபோன நுண் ரத்தக்குழாய்கள், கிரீமில் போகாது. தொந்தரவாக இருந்தால் தோல் டாக்டரிடம் லேசர் பற்றிக் கேட்கலாம், கல்யாணத்துக்கு மேக்கப்பே மறைத்துவிடும். இனியும் தேய்த்தால் நம்முடைய நிறத்துக்குக் கருமை படியும், அது மறைய மாதக்கணக்கில் ஆகும்.

கன்னம் தொங்குவது வயதோடு கொழுப்பும் எலும்பும், தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதமும் குறைவதால். தேய்த்த உடனே முகம் பளிச்சென்று தெரிவது ரத்த ஓட்டம் கூடியதால்தான், கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடும். எண்ணெய் தடவ ஆசையா, தடவுங்கள், பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி விரல் நுனியால் மட்டும், கண்ணைச் சுற்றி அழுத்தவே வேண்டாம். நம் மாவட்டத்து வர்ம ஆசான்களைப் பாருங்கள், தொடுகிற அழுத்தத்தையே கால் மாத்திரை, அரை மாத்திரை (இது மருந்து மாத்திரை இல்லை, அழுத்தத்தின் அளவு) என்று அளந்துதான் சொல்வார்கள், அதையும் வருஷக்கணக்கில் ஒரு ஆசானிடம் இருந்து கற்ற பிறகுதான் இன்னொருவர் மேல் கை வைப்பார்கள்.

அப்புறம், கல்யாணத்துக்கு முன்னால் பார்லர் போனால், நாற்காலியில் உட்காரும்போதே ஆஸ்பிரின் விஷயத்தைச் சொல்லி, கழுத்தில் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.