வாசகர் கேள்வி பதில்: மூன்று வயது ஊசி விட்டுப்போனால்?

கேள்வி: மகளுக்கு 9 மாதத்தில் சின்னமுத்து (தட்டம்மை) ஊசி போட்டோம். மூன்று வயதில் இரண்டாவதைப் போடவேண்டிய கிளினிக் நாளன்று தடிமன், அதோடு மலைக்கு (கொழுந்து பறிக்க) போகாவிட்டால் அரைப்பேரும் (அரைநாள் சம்பளமும்) இல்லை, அப்படியே விட்டுப்போச்சு. இப்போது நாலரை வயது. நாட்டிலேயே இந்த நோய் ஒழிந்துவிட்டது என்கிறார்களே, இனியும் போட வேண்டுமா? (ஒரு தாய், பொகவந்தலாவை)

பதில்: கட்டாயம் போடுங்கள், அடுத்த கிளினிக்கிலேயே. பிந்திவிட்டது என்பதற்காக முதலாவதை மறுபடி போடத் தேவையில்லை, விட்டுப்போன ஒன்று மட்டும் போதும். சாதாரண தடிமன், லேசான காய்ச்சல் இருந்தாலும் ஊசி போடலாம், அதைப் பார்த்துச் சொல்லவேண்டியது மிட்வைஃப் மிஸ், நாமாகவே முடிவு செய்து வீட்டில் நிற்கக் கூடாது.

ஒழிந்துவிட்டது என்று நீங்கள் கேள்விப்பட்டதும் உண்மைதான். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு அந்தச் சான்றிதழைக் கொடுத்தது. ஆனால் 2023இல் சின்னமுத்து திரும்பவும் பரவி, 2024 ஜனவரியில் கண்டி உட்பட 9 மாவட்டங்களில் 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடைப்பட்ட கைக்குழந்தைகளுக்கு மேலதிகமாக ஒரு ஊசி போடவேண்டி வந்தது.

இந்த நோய் பரவாமல் நிற்க 100 பேரில் 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி வேண்டும். நாட்டுக் கணக்கு நன்றாக இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம், எனக்குப் பயம் அங்கேதான், ஏனென்றால் கிருமி வருவது நாட்டுக் கணக்குக்குள் இல்லை, உங்கள் லயத்துக்குள், தோட்டத்து வரிசை வீடுகளுக்குள். அங்கே 20 பிள்ளைகளில் 4 பேர் விட்டுப்போயிருந்தால் உங்கள் லயத்தின் கணக்கு 80தான். நோயாளி எழுந்துபோன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் கிருமி இருக்கும், உடம்பில் பரு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே தொற்றும். ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் வீட்டில், பகலெல்லாம் பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் பிள்ளைக்காம்பராவில், யாரை எங்கே ஒதுக்கி வைப்பது? 9 மாதம் நிரம்பாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உங்கள் மகளின் ஊசியும் ஒரு காவல்.

அம்மா கொழும்பில் வேலை, பிள்ளை அம்மாச்சியோடு என்று இருக்கும் வீடுகளில்தான் இந்த மூன்று வயது ஊசி அதிகம் மறந்துபோகும் என்று நினைக்கிறேன். உங்கள் லயத்தில் அப்படி யாராவது இருந்தால் கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்துரைமாரும் கிளினிக் நாளில் பேரை, அதாவது நாள் சம்பளத்தை, வெட்டாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: பிள்ளைக்குச் சின்னமுத்து. அம்மா (அம்மன்) வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார் மாமியார். என்ன செய்வது? (வாசகி, ராகலை)

பதில்: மாமியாரோடு சண்டை வேண்டாம், வேப்பிலை வைக்கட்டும். ஆனால் பிள்ளையை டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும், விட்டமின் ஏ கொடுப்பார்கள், அது கண்ணையும் உயிரையும் காக்கும். போகுமுன் போனில் சொல்லிவிட்டால் மற்றப் பிள்ளைகள் இருக்கும் வரிசையில் உட்கார வேண்டியிராது. மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் ஒரு நிமிடமும் பொறுக்க வேண்டாம்.