ஊஞ்சலடியில் செவ்வெறும்பு

கேள்வி: எங்கள் குடியிருப்புத் திடலில் ஊஞ்சல் கம்பத்தடியில் செவ்வெறும்புப் புற்று. மூன்று வயது மகனின் கால் முழுக்கக் கொப்புளம். காவலாளி எறும்புப் பொடி தூவலாம் என்கிறார். செய்யலாமா?
– வாசகி, சிங்காநல்லூர்

பதில்: வேண்டாம், அம்மா. மண்ணில் விளையாடிய கை நேரே வாய்க்குத்தான் போகும். பழைய வெள்ளைப் பூச்சிக்கொல்லிப் பொடியான பி.எச்.சி.க்கு 1997-லேயே தடை. சில வீட்டுப் பரண்களில் இன்னும் டப்பா கிடக்கிறது! மண்ணெண்ணெயும் கூடாது, தீப்பிடிக்கும், மண்ணும் பாழ்.

என் பேத்தியின் மணல் தொட்டியருகே நான் செய்வது வெந்நீர் வைத்தியம். இளவெயில் ஏறும்போது புழுக்களும் முட்டைகளும் புற்றின் மேல்பகுதிக்கு வந்திருக்கும். பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டு, கொதிநீர் பத்து லிட்டரை நிதானமாக ஊற்றுங்கள். முதலில் குச்சியால் கிளறாதீர்கள். நொடியில் நூற்றுக்கணக்கில் கம்பத்திலும் காலிலும் ஏறிவிடும். ஒரே தடவையில் எல்லாப் புற்றும் அழியாது. மூன்று நாள் கழித்துப் பார்த்து, நடமாட்டம் இருந்தால் மறுபடி ஊற்றுங்கள். சுற்றியுள்ள புல் கருகும், போகட்டும். ஊஞ்சலடியில் முறுக்குத் தூள் உதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடித்த எறும்பு தாடையால் தோலைப் பற்றிக்கொண்டு வால்முனையால் திரும்பத் திரும்பக் கொட்டும். உதறினால் விழாது, கையால் வழித்துத் தள்ளுங்கள். பிறகு சோப்பால் கழுவி, ஈரத்துணி ஒத்தடம் கொடுங்கள். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.