வீட்டு ஆராய்ச்சி வலையமைப்பில் சேரலாமா? ஏற்காட்டுத் தம்பிக்கு

தம்பி, நெதர்லாந்துல பிஎச்.டி.க்கு இடம் கிடைச்சிருக்கு, ஐரோப்பிய வீட்டுவசதி ஆராய்ச்சி வலையமைப்புல (ஈ.என்.எச்.ஆர்.) சேரச் சொல்லி கைடு சொல்றார்னு எழுதியிருக்கீங்க. சேர்ந்தா என்ன கிடைக்கும், ஏற்காட்டு எஸ்டேட்டுல தொழிலாளர்களுக்குக் குடுக்கற லைன் வீட்டைப் பத்திப் பேசினா அங்க யார் காது குடுப்பாங்கன்னு ரெண்டு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சின்னது. ரெண்டாவதுலதான் சமாச்சாரமே இருக்கு.

சேருங்க. 1988ல ஆரம்பிச்ச அமைப்பு. காசு கட்டறதுக்கு முன்னாடி உங்க துறை நிறுவன உறுப்பினரான்னு விசாரிச்சுக்குங்க. அப்படி இருந்தா உங்க கைக்காசு மிச்சமாகலாம். வருசாவருசம் மாநாடு ஊர் மாறும்: 2022ல பார்சிலோனா, 2023ல போலந்துல வூட்ஜ், 2024ல டெல்ஃப்ட். நெதர்லாந்து குடியிருப்பு அட்டை கையில இருந்தா ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா வேண்டாம். 2014 மாதிரி ஷெங்கனுக்கு வெளியே, பிரிட்டன்ல எடின்பரோவுல வச்சாங்கன்னா விசாவுக்கு முன்கூட்டியே ஓடணும்.

மாநாட்டுப் பெரிய அரங்கப் பேச்சுகளை விட்டாலும் நட்டமில்லை. வேலை நடக்கிறது பணிக்குழுக்கள்ல: தனியார் வாடகைக்கு ஒண்ணு, இடப்பெயர்வுக்கு ஒண்ணு, முதியோர் குடியிருப்புக்கு ஒண்ணுன்னு. சின்ன அறை, கொஞ்சம் பேர், உங்க கட்டுரையை உண்மையிலேயே படிச்சுட்டு வந்து கேள்வி கேக்கறவங்க. புது ஆராய்ச்சியாளர்களுக்குன்னு மாநாட்டை ஒட்டித் தனிக் கருத்தரங்கும் உண்டு. முதல் வருசம் அதுக்கே விண்ணப்பம் போடுங்க.

இப்ப உங்க பயத்துக்கு வர்றேன். "இந்தியாவில் ஒரு மலைப்பகுதி"ன்னு தொடங்கினீங்கன்னா மரியாதையா தலையாட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. அது உங்க மலையோட குறை இல்லை, தொடக்கத்தோட குறை. வேலை போனா வீடும் போகுது, அதுதானே உங்க கேள்வி? அதை முதல்ல வையுங்க.

ஏன்னா அதே கேள்வி இங்க நெதர்லாந்துலயும் எரியுது. டெல்ஃப்டைத் தாண்டினதும் வெஸ்ட்லாண்டுன்னு ஒரு பகுதி, கண்ணுக்கு எட்டின தூரம் கண்ணாடிக் குடில்கள். தக்காளி, குடைமிளகாய், பூ. வேலை செய்யறவங்கள்ல பலர் போலந்து, ருமேனியாவுல இருந்து வந்தவங்க. ஆள் எடுக்கிற ஏஜென்சியே படுக்கையும் குடுத்து, வாடகையைச் சம்பளத்துல பிடிச்சுக்கும். வேலை நின்னா தெருவுல நிக்கணும். 2020ல இப்படி வெளிநாட்டுல இருந்து வர்ற தொழிலாளர்களைப் பாதுகாக்க அரசு அமைச்ச, எமீல் ரூமர் தலைமையிலான குழு வேலை ஒப்பந்தம் வேற, வாடகை ஒப்பந்தம் வேறன்னு பிரிக்கச் சொல்லுச்சு. 2023 ஜூலை 1ல அமலுக்கு வந்த சட்டம் அதைக் கட்டாயமாக்குச்சு.

நம்ம 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இதுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு குடுக்கிறது முதலாளி கடமைன்னு அது சொல்லுச்சு. அங்கே வேலையையும் வீட்டையும் சேர்த்துக் கட்டினதே பாதுகாப்பு. இங்கே பிரிச்சதே பாதுகாப்பு. ரெண்டுல எது சரி? எனக்கு ஒரு சாய்வு உண்டு, ஆனா நான் சேலம் அம்மாபேட்டையில தறிக்குழி இருக்கிற வீட்டுல வளந்தவ. வேலை செய்யற இடமும் தூங்கற இடமும் ஒண்ணா இருந்தா என்ன ஆகும்னு எனக்கு ஒரு பக்கம்தான் தெரியும். ஓய்வு வாங்கினதும் வீட்டைக் காலி பண்ணணுமேன்னு பிள்ளைகள்ல ஒருத்தரைத் தோட்ட வேலைக்கே விடற குடும்பங்களை நீங்க பாத்திருப்பீங்க. அதை இந்த அறைகள்ல வேற யாரும் சொல்ல முடியாது.

கிளம்பறதுக்குள்ள உங்க வீட்டை டேப் வச்சு அளந்து வரைஞ்சுக்குங்க. அடுப்புப் புகை எப்படிப் போகுது, கூரையை யார் மாத்தறாங்க, பின்னால போட்ட சாய்ப்பு யார் செலவு, எல்லாம் குறிச்சு வையுங்க. அக்கம்பக்கத்துல பேட்டி மட்டும் இப்பவே எடுத்துடாதீங்க. பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அனுமதிக்கு முன்னால எடுத்த பேட்டியை ஆய்வுல சேர்க்க விடமாட்டாங்க.

ஆசிய-பசிபிக் நாடுகளுக்கு ஹாங்காங்கை மையமா வச்சு இதே மாதிரி இன்னொரு வலையமைப்பு இருக்கு. அதையும் ஒரு கண் பாத்து வையுங்க, ரெண்டாவது வருசம் போதும்.

அதுக்கெல்லாம் முன்னாடி உங்களுக்கு ஒரு அறை தேடுங்க. வீட்டைப் பத்தி ஆராய வர்றவங்களே வீடு கிடைக்காம அலையறது இந்த நாட்டுல பழைய வேடிக்கை. சேலத்துல இருக்கும்போதே பல்கலைக்கழக விடுதி அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்க, பதில் வரலைன்னா மறுபடியும் எழுதுங்க. கட்டுரைச் சுருக்கம் தயாரானா எனக்கு அனுப்புங்க, படிச்சுச் சொல்றேன்.