திபெத் தலைவர்களைப் பற்றிப் படிக்கும் மகளுக்கு என்ன வேலை கிடைக்கும்?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் கடைசி வருடம் படிக்கிறாள், வங்கித் தேர்வுக்கு வாங்கிக் கொடுத்த புத்தகங்களைத் தொடுவதே இல்லை, திபெத்தில் யார் எந்த வருடம் எந்தப் பதவியில் இருந்தார் என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறாள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். "எங்கேயோ இருக்கிற ஒருத்தரின் பதவிப் பட்டியலைப் படித்து இவள் என்ன வேலைக்குப் போவாள்?" என்பது நியாயமான கேள்வி. அவள் செய்வது வீண் வேலை இல்லை. அதற்கென்று ஒரு துறை இருக்கிறது, அதில் ஆளும் குறைவு. ஆனால் உள்ளே போக வேண்டுமானால் இன்று அவளிடம் இல்லாத ஒன்று வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

சீனாவில் முக்கியமான முடிவுகள் மூடிய கதவுக்குள் எடுக்கப்படுகின்றன. எதிர்க்கட்சி கிடையாது, காரசாரமான சட்டமன்ற விவாதமும் கிடையாது. வெளியே தெரிவதெல்லாம் யாரை எங்கிருந்து எங்கே மாற்றினார்கள் என்பதுதான். அதனால் சீன அரசியலை ஆராய்கிறவர்களுக்குப் பதவிப் பட்டியல்தான் பாலபாடம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே உங்கள் மகள் அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள்.

நீங்கள் குறிப்பிட்டிருந்த சே தல்ஹாவையே பார்ப்போம். சீனச் செய்திகளில் இவர் பெயர் சி ஷாலா. 1958இல் யுன்னான் மாகாணத்தின் திச்சிங் பகுதியில் பிறந்த திபெத்தியர். திபெத்தியர் என்றதும் திபெத்தின் தலைநகர் லாசாவைத்தான் நினைக்கிறோம். திபெத் தன்னாட்சிப் பகுதிக்கு வெளியே சிச்சுவான், சிங்ஹாய், கான்சு, யுன்னான் மாகாணங்களில் மொத்தம் 10 திபெத்தியத் தன்னாட்சி வட்டாரங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று திச்சிங். அங்கே நிர்வாகத் தலைவராகவும் பிறகு கட்சிச் செயலாளராகவும் இருந்தார். 2010இல் திபெத்துக்கு மாற்றப்பட்டார். லாசா நகரின் கட்சிச் செயலாளராக இருந்துவிட்டு, 2017 ஜனவரியில் தன்னாட்சிப் பகுதி அரசின் தலைவரானார். நம் கணக்கில் முதலமைச்சர் மாதிரி என்று தோன்றும். 2021 அக்டோபரில் அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது. 2025 ஜனவரியில் கட்சியின் ஒழுங்குக் கண்காணிப்பு ஆணையம் அவர்மீது விசாரணை தொடங்கியதாக அறிவித்தது.

முதலமைச்சர் மாதிரி என்று நினைத்தால் தப்பு. 1984இல் வந்த தேசிய இனங்களின் தன்னாட்சிச் சட்டப்படி, அந்தப் பகுதி அரசின் தலைவர் அங்கே தன்னாட்சி பெற்ற இனத்தவராக இருக்க வேண்டும். ஆகவே அந்த நாற்காலி எப்போதும் திபெத்தியருக்குத்தான். ஆனால் உண்மையான அதிகாரம் கட்சிச் செயலாளரிடம் இருக்கிறது. அந்தப் பதவிக்கு இனம் பற்றிய எந்த விதியும் இல்லை. இன்றுவரை திபெத்தியர் ஒருவர்கூடத் தன்னாட்சிப் பகுதியின் கட்சிச் செயலாளர் ஆனதில்லை. பின்னாளில் சீன அதிபரான ஹு ஜின்டாவ் 1988 முதல் 1992 வரை அந்த இடத்தில் இருந்தவர். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் சிலவற்றில் தலைவி பெயர் பலகையில் இருக்க, வேறு யாரோ முடிவெடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே கட்சியின் அமைப்பே அப்படித்தான்.

ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கும்போது, 'என்ன பதவி' என்பதைவிட, 'யார் நியமித்தது, யாரால் நீக்க முடியும், அதே அறையில் இவருக்கு மேலே யார்' என்று கேட்க அவளைப் பழக்குங்கள். லோசாங் ஜாம்சான் என்ற திபெத்தியர் லாசா மேயராக இருந்து, 2013இல் தன்னாட்சிப் பகுதி அரசின் தலைவரானார். 2017இல் அங்குள்ள மக்கள் பேரவையின் தலைவர். 2023இல் பீஜிங்கில் சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேரவை நிலைக்குழுவின் துணைத் தலைவர்களில் ஒருவர். பட்டம் ஒவ்வொரு முறையும் பெரிதாகிறது. அதே துணைத் தலைவர் நாற்காலியில் அவருக்கு முன்பே ங்காபோ ங்காவாங் ஜிக்மே, ராக்தி, ஜாம்பா புன்ட்சோக் ஆகிய திபெத்தியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே முடிவுக்கு இத்தனை பேர் வந்து சேர்ந்தால் அது தற்செயல் இல்லை. மரியாதையோடு உட்கார வைக்க ஒதுக்கிய இடம் என்றுதான் நான் படிக்கிறேன். உங்கள் மகள் வேறு மாதிரி படிக்கலாம். வாதாடட்டும், நல்லதுதான்.

இதில் ங்காபோவின் கதை தனியாகப் படிக்க வேண்டியது. 1950இல் சீனப் படை நுழைந்தபோது அவர் கிழக்குத் திபெத்தில் உள்ள சாம்தோவின் ஆளுநர். பிடிபட்டார். 1951 மே 23 அன்று, திபெத் சீனாவின் பகுதி என்று ஏற்ற பதினேழு அம்ச உடன்பாட்டில் திபெத் தரப்பில் கையெழுத்திட்டவர் அவர்தான். 1965இல் தன்னாட்சிப் பகுதி உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே. 2009இல் பீஜிங்கில் காலமானார். அவருக்கு நேர்மாறாகப் பாதாங் ஊரைச் சேர்ந்த புன்ட்சோக் வாங்யால் இளம் வயதிலேயே கம்யூனிஸ்ட் ஆனவர், மாவோவுக்கும் தலாய் லாமாவுக்கும் நடுவில் மொழிபெயர்த்தவர். கட்சிக்கு இவ்வளவு செய்தவர் சிறையில் 18 வருடம் இருந்தார். பிரபு குடும்பத்துக்காரரான ங்காபோ உயரத்தில், பழைய புரட்சிக்காரரான வாங்யால் சிறையில். இது ஏன் என்று அவள் நான்கு பக்கம் எழுதினால், எந்த முதுகலை நேர்காணலிலும் தைரியமாக உட்காரலாம்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கனடாவையும் காட்டுங்கள். நேபாளத்தில் பிறந்த திபெத்தியப் பெண் புத்திலா கர்போச்சே 2018இல் ஒன்டாரியோ மாகாண சட்டமன்றத்துக்கு டொராண்டோவின் ஒரு தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022இல் மறுபடியும் வென்றார். அவர் இருந்தது எதிர்க்கட்சியில். ஆனாலும் ஜூலையைத் திபெத்தியப் பாரம்பரிய மாதமாக்கும் சட்டம் அவர் முயற்சியில் 2020இல் நிறைவேறியது. ஒரே இனம், இரண்டு ஏணிகள். ஒன்றை மேலே இருப்பவர் பிடித்திருக்கிறார், இன்னொன்றை வாக்காளர்.

சரி, இப்போது வேலை. அவளிடம் இல்லாதது சீன மொழி. ஆங்கிலத்தில் மட்டும் படித்து இந்தத் துறையில் நிலைக்க முடியாது. அடுத்தவர் மொழிபெயர்த்துத் தந்ததையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். திபெத்திய மொழி இரண்டாவதாக வரலாம். அதற்குச் சாரநாத்தில் உயர் திபெத்தியக் கல்விக்கான மத்திய நிறுவனமும், தரம்சாலாவில் திபெத்திய நூலகமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. ஆனால் முதலில் மாண்டரின் எனும் பொதுச் சீன மொழி. ஒரு வருடம் கொடுங்கள். அதற்குள் சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்எஸ்கே தேர்வில் மூன்றாம் நிலையைத் தாண்டினால் அவளுக்கு இது வெறும் ஆர்வம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். தாண்டவில்லை என்றால் வங்கித் தேர்வைப் பற்றி நானே அவளிடம் பேசுகிறேன்.

மேற்படிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) எம்.ஏ. சீன மொழி, ஏற்கெனவே அந்த மொழியைப் பட்டப்படிப்பில் படித்தவர்களுக்கானது. அரசியல் அறிவியல் படித்த பெண்ணுக்கு அங்கே சர்வதேச உறவுகள் பிரிவும், டெல்லி பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய ஆய்வுகள் துறையும் பொருந்தும். மொழிக்காகத் தைவான் அரசின் ஹுவாயு உதவித்தொகையையும் பாருங்கள். சென்னையில் 2012 முதல் தைவானின் பொருளாதார, பண்பாட்டு மையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். தைவானில் பழைய எழுத்துமுறை, சீன அரசு ஆவணங்களில் எளிமையாக்கிய எழுத்து என்பதை மட்டும் அவள் தெரிந்துகொண்டு போகட்டும்.

வேலைகள் மூன்று பக்கம். வெளியுறவுப் பணி என்றால் யுபிஎஸ்சி எழுத வேண்டும்; இப்போது படிக்கும் பாடமே விருப்பப் பாடமாக உதவும். சிந்தனைக் குழுக்கள் எனப்படும் கொள்கை ஆய்வு நிறுவனங்கள், பத்திரிகை, பல்கலைக்கழக ஆராய்ச்சி இரண்டாவது. இதில் தொடக்கச் சம்பளம் குறைவு, நிரந்தர வேலைக்கும் காலம் பிடிக்கும். வீட்டில் கடன் இருந்தால் இதை மட்டும் நம்ப வேண்டாம். மூன்றாவது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தைவான் மின்னணு நிறுவனங்கள் இருப்பதால் வரும் மொழிபெயர்ப்பு வேலை. அவள் கனவு அதுவாக இருக்காது, ஆனால் மொழி தெரிந்த பெண் வீட்டில் சும்மா உட்கார மாட்டாள்.

அவள் அப்பா பயப்படும் ஆபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திபெத்துக்குப் போக வெளிநாட்டவருக்கு விசா மட்டும் போதாது, தனி அனுமதியும் வேண்டும். நினைத்தபோது போய்க் களஆய்வு செய்ய முடியாது. அதனால் பெரும்பாலும் ஆவணங்களை வைத்தும், தரம்சாலா, கர்நாடகத்தின் பைலகுப்பே போன்ற இடங்களில் வாழும் திபெத்தியர்களிடம் பேசியும்தான் ஆராய்ச்சி நடக்கிறது. படிப்பதால் யாரும் சிக்கலில் மாட்டிக்கொள்வதில்லை. ஆனால் அங்கே போய்வரும் எண்ணம் இருந்தால், சமூக ஊடகத்தில் ஆவேசமாக எழுதுவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவளிடம் பேசும் திபெத்தியர்களின் உறவினர்கள் அந்தப் பக்கம் இருப்பார்கள். அவர்கள் பெயரை எங்கேயும் போடக் கூடாது என்பதை முதல் நாளே மனதில் பதிய வையுங்கள்.

ஜேஎன்யு, டெல்லி பல்கலைக்கழகம் இரண்டுக்கும் சியுஇடி முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்க அவகாசம் அதிகம் இருக்காது. கல்லூரி மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இந்த மாதமே எடுத்து வைத்துவிடுங்கள். ஓபிசி சான்றிதழ் என்றால் மத்திய அரசுக்கான படிவத்தில் வாங்க வேண்டும், மாநிலச் சான்றிதழை அங்கே ஏற்க மாட்டார்கள்.