கணினி கேள்வி பதில்: ஸ்கிரிப்டைக் கொடுங்கள், சொல்லடைவைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் லினக்ஸ் கணினியில் உள்ள கையேடுகள், நிரல்களோடு வரும் விளக்கக் கோப்புகள், நான் தமிழில் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றிலும் தேடுவதற்குப் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் சொல்லடைவு (எந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற பட்டியல்) உருவாக்கித் தேடுகிறது. தமிழ்ச் சொல்லைத் தேடினால் மட்டும் சம்பந்தமில்லாத குறிப்புகளும் வருகின்றன. நண்பர்கள் ஸ்கிரிப்டைக் கேட்கிறார்கள். ஒழுங்கில்லாத இந்த நிரலைக் கொடுக்கலாமா? — ஒரு வாசகி

பதில்: தாராளமாகக் கொடுங்கள். ஒழுங்கை அவர்களும் சேர்ந்து கொண்டுவரட்டும். உங்கள் கணினியின் ஃபோல்டர் பெயர் நிரலுக்குள் எழுதப்பட்டிருந்தால் அதை மட்டும் வெளியே எடுத்து, இயக்குபவரே தரும்படி மாற்றுங்கள்.

கொடுக்கக் கூடாதது சொல்லடைவுக் கோப்பு. எஸ்க்யூலைட்டின் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5, நாம் வேறுவிதமாக அமைக்காத வரை, ஆவணத்தின் முழு உரையையும் தனக்குள் பிரதி எடுத்துக்கொள்கிறது. இது தெரியாமல் ஒருமுறை சொல்லடைவும் இருந்த ஃபோல்டரை அப்படியே சுருக்கி நண்பருக்கு அனுப்பிவிட்டேன். என் குறிப்புகளில் இருந்த கடவுச்சொல் ஒன்றை அவர் மறுநாள் தொலைபேசியில் வாசித்தபோது பதறிப்போனேன். அன்றே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. எனவே சொல்லடைவு, ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கு வெளியே உருவாகட்டும். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்களா? அதில் ஒருமுறை சேர்த்த கோப்பு, பிறகு நீக்கினாலும் பழைய பதிவுகளில் இருக்கும்.

தமிழ்த் தேடலில் பிழை உங்களுடையது அல்ல. எஃப்டிஎஸ்5 இயல்பாகப் பயன்படுத்தும் சொல்பிரிப்பான் (உரையைச் சொற்களாக வெட்டும் பகுதி), எழுத்துகளையும் எண்களையும்தான் சொல்லின் பகுதியாக ஏற்கிறது. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடு, நம் புள்ளியையும் கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளையும் எழுத்து வகையில் வைக்கவில்லை, குறி வகையில் வைத்திருக்கிறது. அதனால் குறி வரும் இடமெல்லாம் வெட்டுப்பட்டு, ‘கோப்பு’ என்ற சொல் க, ப, ப என்று மூன்று துண்டாகிவிடுகிறது. ‘குப்பை’, ‘கோப்பை’ ஆகியவையும் அதே மூன்று துண்டுகள்தாம். நம் மொழி இப்படிச் சிதைவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் சரிசெய்ய ஒரே வரி போதும். சொல்பிரிப்பானின் ‘கேட்டகரீஸ்’ விருப்பத்தில், ஏற்கெனவே உள்ள வகைகளோடு குறி வகைகளான எம்என், எம்சி என்ற இரண்டையும் சேர்த்து, சொல்லடைவைப் புதிதாக உருவாக்குங்கள். தமிழில் குறிப்பெழுதும் எல்லோருக்கும் இந்த வரி தேவை. நீங்கள் பகிர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதே இதற்காகத்தான்.

உரிமம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எதுவும் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமை முழுவதும் உங்களிடமே இருக்கும். நண்பர் திருத்தி இன்னொருவருக்குத் தர அனுமதி இராது. யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தின் வாசகத்தை ஒரு கோப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கையேடுகளில் தேட ‘அப்ரோபோஸ்’ கட்டளை இருக்கும்போது தனி ஸ்கிரிப்ட் எதற்கு? — இன்னொரு வாசகர்

பதில்: அப்ரோபோஸ் கையேட்டின் பெயரையும் அதன் ஒருவரி விளக்கத்தையும் மட்டுமே பார்க்கும். பத்தாவது பத்தியில் இருக்கும் பிழைச்செய்தியை அது காட்டாது. கையேட்டைத் திறந்து காட்டும் ‘மேன்’ கட்டளையைப் பெரிய ‘கே’ எழுத்தோடு கொடுத்தால் முழு உரையிலும் தேடும். ஆனால் ஒவ்வொரு கையேடாகத் திறந்து பார்ப்பதால் நேரம் பிடிக்கும். உங்கள் சொந்தக் குறிப்புகளை இரண்டுமே தொடாது.