பிரெஞ்சு மூவர்ணக் கொடி பிறந்தது 1789இலா, 1794இலா?

கேள்வி: வினாடி வினாப் புத்தகங்கள் சிலவற்றில் பிரெஞ்சுக் கொடிக்கு 1789 என்றும் சிலவற்றில் 1794 என்றும் ஆண்டு போட்டிருக்கிறது. எது சரி? மூன்று பட்டைகளின் அகலமும் சமம் இல்லை என்கிறார்களே, உண்மையா?

கொடி என்று கேட்டால் விடை 1794. 1789 புரட்சியில் வந்தவை வண்ணங்கள்தான், அதுவும் தொப்பியில் குத்திக்கொள்ளும் ரிப்பன் பூவாக. நீலமும் சிவப்பும் பாரீஸ் நகரத்தின் நிறங்கள். நடுவில் அரச வெள்ளையைச் சேர்த்தவர் தேசியக் காவற்படைத் தலைவர் லஃபாயெத் என்று சொல்வது வழக்கம். ஜூலை 17 அன்று நகர மாளிகையில் மேயர் பாய்யி நீட்டிய ரிப்பன் பூவைப் அரசர் பதினாறாம் லூயி வாங்கிக் குத்திக்கொண்டார். அப்போது கொடி எதுவும் மாறவில்லை.

கொடியை உருவாக்கியது கடற்படைதான். நடுக்கடலில் எதிரே வரும் கப்பல் யாருடையது என்பது தொலைவிலேயே தெரிந்தாக வேண்டும் என்பதால், கொடி பற்றிய துல்லியமான விதிகள் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தன. 1661இலேயே வெறும் வெள்ளைக்கொடி அரசரின் போர்க்கப்பல்களுக்கு மட்டும் என்று ஆணை இருந்தது. வணிகக் கப்பல்களுக்கு நீலத்தில் வெள்ளைச் சிலுவை. 1790 அக்டோபர் 24 அன்று தேசிய சபை ஒரு சமரசம் செய்தது: கொடி வெள்ளையாகவே இருக்கும், கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் மட்டும் மூன்று வண்ணச் சதுரம். அந்தச் சதுரத்தில் கம்பத்தின் பக்கம் இருந்தது சிவப்பு, நீலம் அல்ல. பழைய கப்பல் ஓவியத்தில் இந்த வரிசையைப் பார்த்துவிட்டு ஓவியர் தவறிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள்.

அந்தச் சமரசம் நீடிக்கவில்லை. கொடியில் வெள்ளை அவ்வளவு மிச்சம் இருந்தால் அரசர் கொடி போலவே தெரியும். 1793இல் தூலோன் துறைமுகத்தை முடியாட்சி ஆதரவாளர்கள் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த பிறகு வெள்ளை என்றாலே சந்தேகம். 1794 பிப்ரவரி 15 அன்று, ஜான்-போன் சென்-ஆந்த்ரேயின் முன்மொழிவில், தேசிய மாநாடு (அப்போதைய புரட்சிச் சட்டமன்றம்) ஆணையிட்டது: மூன்று சம நெடும்பட்டைகள், கம்பத்தை ஒட்டி நீலம், நடுவில் வெள்ளை, பறக்கும் முனையில் சிவப்பு. கப்பல்களில் ஏற்ற வேண்டிய நாள் மே 20. வடிவம் ஓவியர் தாவீதுடையது என்பது மரபு.

தரைப்படை இதை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. நெப்போலியனின் 1804 கொடிகளில் நடுவே வெள்ளைச் சாய்சதுரம், மூலைகளில் நீலமும் சிவப்பும். படைப்பிரிவுக் கொடிகள் நெடும்பட்டைக்கு மாறியது 1812இல். ஆகவே 1805 ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் இன்றைய கொடி பறப்பதாகப் படம் போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

இனி அகலம். 1794 ஆணைப்படி மூன்றும் சமம், தரையில் இன்றும் அப்படித்தான். 1853இல் கடற்படை தன் கொடிக்கு மட்டும் 30 : 33 : 37 என்று மாற்றிக்கொண்டது. 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் நீளம் உள்ள கொடியில் நீலம் 90 செ.மீ., வெள்ளை 99, சிவப்பு 111. காரணம் காற்று. கம்பத்தோடு கட்டிய பக்கம் விறைப்பாக நிற்கும், பறக்கும் முனை மடிந்து மடிந்து அலைவதால் குறுகித் தெரியும். தூரத்திலிருந்து பார்க்கும்போது மூன்றும் சமமாகத் தோன்றத்தான் சிவப்புக்குக் கூடுதல் துணி. இதே கணக்கில் வெட்டிச் சுவரில் விரித்து மாட்டினால் கோணலாகத்தான் தெரியும், அங்கே சம பட்டைதான் சரி.

நெப்போலியன் வீழ்ந்து அரசர் ஆட்சி மீண்டபோது, 1814இல், வெள்ளைக்கொடி திரும்பியது. 1815இல் நெப்போலியன் திரும்பி வந்து ஆண்ட நூறு நாள் இடைவெளி போக, 1830 வரை அதுதான். புதுச்சேரிக்கு இதில் ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. 1793 ஆகஸ்டிலேயே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, 1816இல் பிரான்சுக்குத் திரும்பியபோது பாரீசில் ஆட்சி வெள்ளைக்கொடியுடையது. எனவே நெடும்பட்டை மூவர்ணம் அங்கே நிலைத்தது மூவர்ணத்தை மீட்ட 1830 புரட்சிக்குப் பிறகுதான். இறங்கியது 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியபோது.

1848 பிப்ரவரிப் புரட்சியில் செங்கொடி கேட்டுத் திரண்ட கூட்டத்தைக் கவிஞரும் தற்காலிக அரசின் உறுப்பினருமான லமார்த்தின் பேசியே திருப்பினார் என்பது பலரும் அறிந்தது. அந்தக் குழப்பத்தில் சில நாட்கள், மார்ச் 5 வரை, வண்ண வரிசை நீலம், சிவப்பு, வெள்ளை என்று மாறிக் கிடந்ததுதான் அதிகம் தெரியாதது. கடினமான வினா வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள்.

என் கணக்கில் இவை எல்லாவற்றையும்விடச் சுவையானது பழைய அரச குடும்பத்தின் வாரிசான ஷாம்போர் பிரபுவின் கதை. 1871இல் தேர்வான தேசிய சபையில் முடியாட்சிக்காரர்களே பெரும்பான்மை, அரியணை அவருக்காகக் காத்திருந்தது. நான்காம் ஹென்றியின் வெள்ளைக்கொடியை விடமாட்டேன் என்று 1871 ஜூலையில் அறிக்கை விட்டார், 1873 அக்டோபரில் கடிதம் எழுதி மறுபடி உறுதிப்படுத்தினார். ராணுவம் மூவர்ணத்தை விட்டுக்கொடுக்காது, எனவே பேச்சு முறிந்தது. 1875 ஜனவரியில் 353க்கு 352 என்று ஒரே வாக்கில் குடியரசு சட்டத்தில் ஏறியது. கொடியில் மட்டும் அவர் இறங்கி வந்திருந்தால் முடிசூட்டு விழா நடந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

நீலத்தின் சாயல் பற்றி: 1958 அரசியலமைப்பின் 2ஆம் பிரிவு நீலம், வெள்ளை, சிவப்பு என்று மட்டும் சொல்கிறது, எந்த நீலம் என்று சொல்லவில்லை. அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேன் 1976இல் வெளிர்நீலம் கொண்டுவந்தார். மக்ரோன் 2020இல் அதிபர் மாளிகைக் கொடியை அடர்நீலத்துக்குத் திருப்பினார், செய்தியாக வெளிவந்தது 2021 நவம்பரில்தான். கடற்படை இடையில் அடர்நீலத்தை விடவே இல்லை.