ஹேவும் நம்முடைய ‘இரு’வும்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதை அடித்து ‘ஐ ஹேவ்’ என்று திருத்தியிருந்தார். அதே கட்டுரையில் ‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச்’ என்று எழுதியதைச் சரியென்று விட்டுவிட்டார். ஏன் என்று மகள் கேட்டாள். ‘ஹேவ்’ என்றால் ‘வைத்திரு’ என்று படித்த எனக்கு விடை தெரியவில்லை. இன்னொன்று: ‘ஹேட் ஹேட்’ என்று ஒரே சொல் அடுத்தடுத்து அச்சாகியிருப்பதைச் சில புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். அது அச்சுப்பிழையா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் மகள் கவனமின்றி எழுதிவிடவில்லை. ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்’, ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ இரண்டிலும் ‘இரு’ ஒலிக்கிறது. ஒன்றுக்கு ‘ஹேவிங்’ பொருந்தினால் மற்றதற்கும் பொருந்தும் என்று அவள் எண்ணியிருக்கலாம். நல்ல காதுள்ள பிள்ளைகள்தான் இந்தத் தவறைச் செய்வார்கள். அதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

‘ஹேவிங்’ நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு உரியது. ‘ஹேவிங் லஞ்ச்’ என்பதில் ஹேவ் என்றால் சாப்பிடுவது. அது தொடங்கும், நடக்கும், முடியும். தம்பி இருப்பது ஒரு செயல் அல்ல, நிலை. ‘ஷீ ஹேஸ் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை இருக்கிறது. ‘ஷீ இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, அல்லது இந்த நேரத்தில் பிறந்துகொண்டிருக்கிறது. ஒரே வினை, ஒரே குழந்தை, ஆனால் ஓர் ‘இங்’ சேர்ந்ததும் நிலை செயலாகிவிட்டது.

உண்மையில் வழியை மறிப்பது நீங்கள் படித்த அந்த ‘வைத்திரு’தான். பேனாவை வைத்திருக்கலாம். தம்பியை, காய்ச்சலை, சந்தேகத்தை யாராவது வைத்திருப்பார்களா? நாம் சொல்வது வேறு: எனக்குத் தம்பி இருக்கிறான், எனக்குக் காய்ச்சல் இருக்கிறது, என்னிடம் பேனா இருக்கிறது. உறவுக்கும் உடம்புக்கும் ‘எனக்கு’, கையிலுள்ள பொருளுக்கு ‘என்னிடம்’. ‘என்னிடம் தம்பி இருக்கிறான்’ என்றால் அவன் இப்போது என் பொறுப்பில் இருக்கிறான் என்றாகிவிடும். இத்தனை நுட்பமான வேறுபாட்டை ஆங்கிலம் ஒற்றை ஹேவுக்குள் அடக்கிவிடுகிறது. இந்த இடத்தில் தமிழ்தான் துல்லியமானது என்பேன்.

‘இருக்கிறான்’ என்ற வினைமுற்று யாருக்கு இணங்கி நிற்கிறது என்று பாருங்கள். எனக்கு அல்ல, தம்பிக்கு. தமிழ் வாக்கியத்தின் எழுவாய் அவன். ஆங்கிலத்தில் எழுவாய் ‘ஐ’. நம் ‘எனக்கு’ அங்கே ‘நான்’ ஆக வேண்டும். ஹேவ் கற்பவர் மாற்றிக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ‘ஐ ஹேவ் கம்’: வந்திருக்கிறேன். ‘ஐ ஹேவ் டு கோ’: எனக்குப் போகவேண்டியிருக்கிறது. ‘ஐ ஹேவ் டைம்’: எனக்கு நேரம் இருக்கிறது. உடைமை, முடிந்த செயல், கட்டாயம் என்று ஹேவ் செய்யும் மூன்று முக்கிய வேலைகளையும் தமிழில் ‘இரு’ செய்கிறது. இரண்டும் உறவில்லாத மொழிக் குடும்பங்கள். ஒன்று பற்றுவதைக் குறிக்கும் வேரிலிருந்து புறப்பட்டது, மற்றது இருப்பிலிருந்து. (ஹேவைப் போலவே தோன்றும் லத்தீன் ‘ஹபேரே’ அதற்கு உறவல்ல என்பதே ஆய்வாளர்களின் முடிவு. பிடிப்பதைக் குறிக்கும் ‘கபெரே’தான் உறவு.) இரண்டும் ஒரே வேலைகளில் வந்து நிற்பதைக் கண்ட நாளிலிருந்து எனக்கு ஹேவ் அந்நியமாகத் தோன்றவில்லை.

முடிந்த செயலுக்கு ஹேவ் வந்த கதையும் நமக்குப் பழகியதுதான். பழைய ஆங்கிலத்தில், ஒருவரிடம் ஒரு பொருள் செய்து முடித்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் வாக்கியத்திலிருந்து அது வளர்ந்தது. ‘கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்’ என்று நாம் சொல்கிறோமே, ஏறக்குறைய அதுதான். பொருளை வைத்திருப்பது மெல்ல மங்க, எழுதி முடித்தது மட்டும் எஞ்சியது. வருவது, போவது போன்ற வினைகளுக்கு ‘ஹேவ்’ இன்றிப் ‘பி’ என்ற இருப்பு வினையைச் சேர்க்கும் வழக்கமும் ஆங்கிலத்தில் நெடுங்காலம் இருந்தது. ‘ஹி இஸ் கம்’ என்று பழைய நூல்களில் பார்க்கலாம். அது நம் ‘வந்திருக்கிறான்’ அல்லாமல் வேறென்ன?

‘ஹேட் ஹேட்’ அச்சுப்பிழை அல்ல. ‘இஃப் ஐ ஹேட் ஹேட் டைம், ஐ வுட் ஹேவ் கம்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் இது ‘எனக்கு நேரம் இருந்திருந்தால் வந்திருப்பேன்’. எண்ணிப் பாருங்கள்: ஆங்கிலத்தில் முதலில் இரண்டு ஹேட், பிறகு ஒரு ஹேவ். தமிழில் முதலில் ‘இருந்திருந்தால்’ என்று இரண்டு இரு, பிறகு ‘வந்திருப்பேன்’ என்று ஒன்று. ‘இருந்திருந்தால்’ என்ற சொல்லைப் பார்த்து நாம் யாரும் அச்சுப்பிழை என்று நினைப்பதில்லை. சேர்த்து எழுதுவதால் கண்ணை உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

வரிசைதான் மாறுகிறது. ஆங்கிலத்தில் முதல் ஹேட் துணைவினை, இரண்டாவதுதான் நேரம் ‘இருந்த’தைச் சொல்வது. தமிழில் முதல் இருதான் உண்மையான இருத்தல், பின்னால் ஒட்டியது துணை. அதனால் ஆங்கில வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கும்போது இரண்டு ஹேட்டையும் ஒரே அழுத்தத்தில் சொல்லக்கூடாது. முதலாவது தேய்ந்து ‘ஐட்’ என்று ஒட்டிக்கொள்ளும், இரண்டாவது முழுதாக ஒலிக்கும்: ‘இஃப் ஐட் ஹேட் டைம்’. மகளை இரண்டு மூன்று முறை உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.